பிறர் ஆடும் வீடியோ கேமை உட்கார்ந்து பார்ப்பதில் என்ன சுவை இருக்கிறது?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் எழுந்து, இன்னும் முடிவுக்கு வராத ஒரு விவாதத்தை இங்கே கொண்டு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என் மகன், உறவினர்கள் அவ்வப்போது கையில் வைத்துவிட்டுப் போன பணத்தைச் சேர்த்து 'கெட்டிங் ஓவர் இட்' என்ற கேமை வாங்கினான். அதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இடுப்பு வரை ஓர் இரும்பு அண்டாவுக்குள் அமர்ந்திருக்கும் ஒரு மனிதன், கையில் உள்ள நீண்ட சம்மட்டியை ஊன்றியும் கொக்கி போல் மாட்டியும் ஒரு மலையில் ஏற வேண்டும். மவுஸை அசைப்பதைத் தவிர ஆடுபவருக்கு வேறு வேலை கிடையாது. விழுந்தால் பாதி வழியிலிருந்து தொடங்கலாம் என்ற சலுகையும் கிடையாது; கை சற்றுத் தவறினால் ஒரு மணி நேர உழைப்பு கண் எதிரே சரிந்துவிடும்.

மூன்று வாரம் விடாமல் ஆடினான். பிறகு ஆடுவதை விட்டுவிட்டு, அதே கேமை யாரோ ஒருவர் ஆடும் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினான். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, கூடத்தில் சொம்பின் மேல் சாய்த்து வைத்த கைப்பேசிக்கு எதிரே பாயில் குப்புறப் படுத்திருந்தான். திரையில் அந்த அண்டா மனிதன் ஒரு பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்க, பாயின் மேல் இவனுடைய வலது உள்ளங்கை, மவுஸைப் பிடித்திருப்பது போலவே மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருந்தது. நீயே ஆடலாமே என்று கேட்டேன். நீங்கள் கிரிக்கெட் பார்க்கும்போது நான் அப்படிக் கேட்டதுண்டா என்று திருப்பிக் கேட்டான்.

அப்போது வாயடைத்துப் போனேன். ஆனால் படுத்த பிறகு யோசித்தபோது அவனுடைய ஒப்புமை சரியாகப்படவில்லை. சேப்பாக்கம் மைதானத்தில் இறங்கி மட்டை பிடிக்க எனக்கு வழியில்லை என்பதால் நான் பார்க்கிறேன். அவனுக்கோ அந்த மலை அறையிலுள்ள கணினியிலேயே இருக்கிறது. பந்தியில் இலை போட்டுச் சோறும் பரிமாறிய பிறகு, பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல் அல்லவா இது? கண்டிப்பதற்காகக் கேட்கவில்லை. இதன் சுவை எங்கே இருக்கிறது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

மர்பி ரேடியோ பதிலளிக்கிறார்:

ஐயா, உங்கள் மகனின் ஒப்புமை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது என்பது என் கருத்து. சோறு கையில் இருக்கிறது என்கிறீர்கள். இருப்பது கேம் மட்டும்தான். அந்த மலையில் ஏறும் திறன் அவனிடம் இல்லை. வயலினை விலைக்கு வாங்கிவிட்டவர் கச்சேரிக்குப் போகத் தேவையில்லை என்று நாம் சொல்வதில்லை. மார்கழியில் எந்தச் சபாவுக்காவது சென்று முன்வரிசைகளைக் கவனியுங்கள். தொடையில் மிகச் சரியாகத் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர், இளமையில் நான்கைந்து ஆண்டுகள் கற்றுவிட்டுப் பிறகு விட்டவர்களாக இருப்பார்கள். எந்த இடத்தில் குரல் நழுவும் என்பது அவர்களுடைய தொண்டைக்குத் தெரியும் என்பதால்தான், பாடகர் அந்த இடத்தைத் தாண்டும்போது மற்றவர்களுக்கு முன்பாகவே அவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். பாயில் வட்டமிட்ட அந்த உள்ளங்கையும் தாளம் போட்ட கைதான். மூன்று வாரம் விழுந்து எழுந்திராவிட்டால் அந்தப் பாறை விளிம்பு அவனுக்கு வெறும் படமாகவே இருந்திருக்கும்.

இது புதிதாக முளைத்த பழக்கமும் அன்று. தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அரை மணி நேரத்திற்கு ஐந்து ரூபாய் கட்டி இருவர் அமர்ந்து 'காண்ட்ரா' ஆடினால், அவர்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் நிற்போம். எதிரி எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து வருவான் என்று நின்றவர்கள்தாம் குரல் கொடுப்போம். காசில்லாமல் நின்றோம் என்பது உண்மைதான். ஆனால் காசு கிடைத்த நாட்களிலும் நம் முறை முடிந்ததும் வீட்டுக்குப் போனவர்கள் யாருமில்லை. அதற்கும் முன்பு, வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டே கிரிக்கெட்டை ரசித்த தலைமுறை நாங்கள். பந்து கண்ணில் படாமலேயே நாள் முழுவதும் ஓர் ஆட்டத்தை நம்மால் அனுபவிக்க முடிந்திருக்கிறது.

இன்னொன்று. திறமையைக் காண்பதற்காக மட்டுமே மக்கள் பார்க்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் 2003ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பாகி வரும் 'கேம்சென்டர் சிஎக்ஸ்' நிகழ்ச்சியில் அரினோ ஷின்யா என்ற நகைச்சுவைக் கலைஞர் பழைய கேம்களை முடித்துக் காட்ட முயல்கிறார். அவர் அதில் வல்லவர் அல்லர். தோற்றுக்கொண்டே இருப்பார், சில வேளைகளில் உதவி இயக்குநர்கள் வந்து கை கொடுப்பார்கள். உங்கள் வீட்டு அண்டா மனிதனின் கதையும் இத்தகையதுதான். அந்த கேமை 2017இல் வெளியிட்ட பென்னட் ஃபாடி தத்துவத்துறை ஆய்வாளராக இருந்தவர். ஆடுபவர் விழும்போது தோல்வியைப் பற்றிச் சாவகாசமாகப் பேசும் குரல் ஒன்று அந்த கேமில் வரும்; அது அவருடையதே. ஆடுபவருக்கு அந்தக் குரலைக் கேட்டால் எரிச்சல் வரும். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். விழுந்த வலியில் பாதியும், அதன் நகைச்சுவை முழுவதும் கிடைக்கும் இடம் பார்வையாளரின் பாய்.

---

நீளக்கட்டை பதிலளிக்கிறார்:

மேலே உள்ள பதிலுடன் ஒத்துப்போகிறேன். ஆனால் கிரிக்கெட்டில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது என்றும் சொல்வேன். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கி வரிசைகளை நிறைக்கும் கேம்தான் டெட்ரிஸ்; நிறைந்த வரிசை மறையும், நிலை ஏற ஏற வேகம் கூடும். பல ஆண்டுகளாக நான் அதன் பந்தயங்களைப் பார்த்து வருகிறேன். அதைக் கொண்டே விளக்குகிறேன்.

மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வரும்போது மட்டையாளருக்கு எப்படி இருக்கும் என்பதை நான் ஊகிக்கத்தான் முடியும். நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய என்இஎஸ் கேம் கருவியில் ஓடும் டெட்ரிஸ் அப்படியன்று. உலக வெற்றியாளருக்கும் எனக்கும் ஒரே காட்ரிஜ், ஒரே ஏழு வகைக் கட்டைகள், பத்துக் கட்டம் அகலமும் இருபது கட்டம் உயரமும் கொண்ட ஒரே களம். கருவியிலோ களத்திலோ இம்மியளவும் வேறுபாடு இல்லாதபோது, மீதமிருக்கும் வேறுபாடு முழுவதும் மனிதருடையது. அது எவ்வளவு பெரியது என்பது நம் சொந்த விரல்களால் அளந்து பார்த்த பிறகே விளங்குகிறது.

அந்த கேமில் 29ஆம் நிலையை எட்டியதும், கட்டை உச்சியிலிருந்து அடிவரை விழ ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரமே ஆகும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை பக்கவாட்டில் நகரும் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது. ஓரத்தைத் தொடுவதற்குள் தரைக்கு வந்துவிடும். எனவே அதுவே ஆட்டத்தின் எல்லை என்று நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். 2011இல் தோர் ஆக்கர்லண்ட் என்பவர் கட்டைவிரலை நடுக்கம் கண்டது போல் அதிரவிட்டுப் பொத்தானைத் தட்டித் தட்டி 30ஆம் நிலையைத் தொட்டுக் காட்டினார். அந்த முறையைக் கைக்கொண்ட ஜோசப் சேலி, 16 வயதில், 2018 உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஏழு முறை வென்றிருந்த ஜோனஸ் நியூபாவரைத் தோற்கடித்தார். நியூபாவர் தோற்ற பிறகு எழுந்து நின்று அந்தச் சிறுவனைப் பாராட்டிய விதத்தைக் காண்பதற்காகவே அந்தக் காணொளியைப் பார்க்கலாம்.

பிறகு வந்த முறை இன்னும் விந்தையானது. ஒரு கையின் கட்டைவிரல் பொத்தானின் மேல் மெதுவாகப் படிந்திருக்க, மறு கையின் விரல்கள் கட்டுப்பாட்டுக் கருவியின் முதுகில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் கருவியே எழும்பி வந்து பொத்தானைக் கட்டைவிரலில் அழுத்திக்கொள்கிறது. கடம் வாசிப்பவரின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறத்தாழ அதே அசைவுதான். இந்த முறையில் ஆடித்தான் 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுச் சிறுவர் 157ஆம் நிலைவரை சென்றார். அவ்வளவு தூரம் யாராவது ஆடுவார்கள் என்று எண்ணி அந்த நிரலை எவரும் எழுதியிருக்கவில்லை. இடையில் நிறங்கள் தாறுமாறாகிக் கட்டைகள் இருட்டோடு இருட்டாகக் கலந்துபோகும் நிலைகளும் வருகின்றன. கடைசியில் ஒரு வரிசை நிறைந்தது; திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. ஏறத்தாழ 38 நிமிட ஆட்டத்தில் அதுவரை அமைதியாக இருந்த சிறுவர் நாற்காலியில் சாய்ந்து, தம் விரல்கள் மரத்துப்போய்விட்டன என்று மூச்சுத் திணறச் சொல்கிறார். அந்த ஆட்டத்தை, அதே மாதத்தில் காலமான தம் தந்தைக்குக் காணிக்கையாக்கினார்.

என் சொந்த எல்லை 19ஆம் நிலை. அதுவும் அந்த நிலைக்குள் நுழைந்த சில நொடிகளில் ஆட்டம் முடிந்துவிடும். அதனால்தான் 157 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாக இல்லை. நான்கு கட்டம் நீளமுள்ள நேர்க்கட்டையான நீளக்கட்டை வராமல் தவிக்கும் நேரத்தை அந்த ஆட்டக்காரர்கள் 'வறட்சி' என்றே அழைக்கிறார்கள். வறட்சியில் ஒருவர் களத்தின் உச்சி வரை கட்டைகளை அடுக்கிக்கொண்டு காத்திருக்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எனக்கே அந்த நிலை வந்தால் இவ்வளவு பதற்றம் இருப்பதில்லை; ஆட்டம் எப்படியும் முடியப்போகிறது என்பது எனக்கு முன்பே தெரியும்.

---

மாடிவீட்டு மல்லி பதிலளிக்கிறார்:

இருவரும் ஆடத் தெரிந்தவர்களின் பார்வையிலிருந்தே எழுதியிருக்கிறீர்கள். ஆடவே முடியாதவர்களும் பார்க்கிறோம் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

பாத்திரத்தின் கண் வழியாக உலகைக் காட்டும் கேம்களை ஆடினால் பத்தே நிமிடத்தில் எனக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்துவிடும். அதே காட்சியைச் சிறிய திரையில், சற்றுத் தள்ளி வைத்து, பிறர் ஆடப் பார்த்தால் அந்தத் தொல்லை குறைகிறது. பேய்க் கதை கேம்களோ வேறு வகை. இருட்டான நடையில் அடுத்த அடியை எடுத்து வைக்கும் பொறுப்பு என் விரலில் இருந்தால் என்னால் நகர முடியாது. அந்தப் பொறுப்பை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிய நானும் துணிந்து உடன் செல்வேன். வெளியூரில் தனியறை எடுத்துத் தங்கிப் படித்த இரண்டு ஆண்டுகளில், இரவில் சப்பாத்தி தேய்க்கும்போது எப்போதும் யாரோ ஒருவர் ஆடிக்கொண்டே பேசும் குரல் அடுப்பங்கரையில் ஒலித்துக்கொண்டிருக்கும். பல நாட்கள் நான் திரையைப் பார்த்ததுகூடக் கிடையாது. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற ஓசையே எனக்குத் தேவையாக இருந்தது.

அந்தத் துணையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் விரும்பிப் பார்த்த ஒருவருடைய பூனையின் பெயர், அவருக்குப் பிடிக்காத காய்கறி, அவர் அம்மா அழைக்கும் நேரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஒருமுறை நேரலையில் 200 ரூபாய் அனுப்பி ஒரு வரி எழுதினேன். அவர் என் பெயரைத் தவறாகப் படித்து, நன்றி சொல்லி, அடுத்த வரிக்குப் போய்விட்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அன்றைக்குச் சப்பாத்தி தீய்ந்துவிட்டது.

பார்ப்பதற்கும் ஆடுவதற்கும் இடையே நாம் போட்டுக்கொள்ளும் கோடு அவ்வளவு உறுதியானதன்று என்பதற்கு ஒரு நிகழ்வு இருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அன்று, கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளத்தில் ஒருவர் பழைய 'போக்கிமான்' கேம் ஒன்றை ஓடவிட்டு, உரையாடல் பெட்டியில் பார்வையாளர்கள் எழுதும் 'மேலே', 'கீழே' போன்ற சொற்களையே கட்டளைகளாக ஏற்கும்படி செய்தார். பதினொரு லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் அதில் தட்டச்சு செய்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது உண்மைதான், ஆனால் ஆளுக்கொரு திசையில் வடத்தைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு சிறிய மேட்டைத் தாண்டிச் செல்லவே பல மணி நேரம் ஆயிற்று. அப்படியிருந்தும் 16 நாட்களில், மார்ச் 1 அன்று, ஆட்டம் முடிந்தது. நானும் ஒரு பிற்பகலில் 'இடது' என்று சில முறை எழுதினேன். அது ஆடியதில் சேர்த்தியா, பார்த்ததில் சேர்த்தியா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

கணக்குப்பிள்ளை பதிலளிக்கிறார்:

எல்லோரும் சுவையைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டவர் குறிப்பிட்ட இரவு பதினொரு மணியை யாரும் கண்டுகொள்ளவில்லை. அமேசான் நிறுவனம் 2014இல் ட்விட்ச் தளத்தை ஏறத்தாழ 97 கோடி டாலருக்கு வாங்கியது நம் வீட்டுப் பிள்ளைகளின் ரசனையைப் போற்றுவதற்காக அன்று. வானொலி வர்ணனை, ஆட்டம் முடிந்ததும் முடிந்துவிடும். வீடியோ கேம் கடைக்காரர் இரவு கதவை இழுத்து மூடிவிடுவார். ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்ததைத் தானாகவே எடுத்துப் பரிமாறும் ஏற்பாட்டை அவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது. பந்தி உவமையை ஐயா தொடங்கி வைத்ததால் சொல்கிறேன்: இலையை மூடிய பிறகும் பரிமாறிக்கொண்டே இருக்கும் பந்தி இது. பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பது பையனா, தளமா என்பதை மட்டும் கவனியுங்கள்.

---

பொருநைக்கரை மீண்டும் எழுதுகிறார்:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்னதை ஏற்று, தானாக அடுத்த காணொளி தொடங்கும் வசதியை மகனின் ஒப்புதலுடன் நிறுத்தி வைத்தோம்.

நேற்று மாலை அவனுடன் அமர்ந்து ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்தேன். முதல் கால் மணி நேரம் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. பிறகு மகன் தாழ்ந்த குரலில் விளக்கத் தொடங்கினான். இந்த இடத்தில் சம்மட்டியை விளிம்பில் வைத்து அழுத்தக் கூடாது, அடியில் கொடுத்து நெம்ப வேண்டும் என்றான். ஆடியவர் அழுத்தினார், விழுந்தார். அடுத்த முறை நெம்பினார், ஏறினார். அதன் பின் நானும் சம்மட்டியின் முனையையே பார்க்கத் தொடங்கிவிட்டேன். அதுவரை நான் அந்த மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

உச்சிக்கு அருகில் ஒரு பாம்பு இருக்கிறது. அதில் ஏறாதே என்று பக்கத்திலேயே பலகையும் இருக்கிறது. ஆடியவருடைய சம்மட்டி தவறி அதில் மாட்டிக்கொள்ள, அண்டா வழுக்கிக்கொண்டே கிளம்பிய இடத்திற்கு வந்து நின்றது. எனக்கு வைகுண்ட ஏகாதசி இரவுகள் நினைவுக்கு வந்தன. விழித்திருப்பதற்காகப் பரமபதப் படத்தை விரித்து, தாயக்கட்டையை உருட்டி ஆச்சியும் அத்தைகளும் ஆடுவார்கள். உச்சிக்கு ஒரு கட்டம் இருக்கும்போது ஆச்சியின் காயைப் பெரிய பாம்பு கடித்துவிட்டால், சுற்றி உட்கார்ந்திருக்கும் நாங்கள் எழுப்பும் கூச்சலில் தெரு விழித்துக்கொள்ளும். எங்களில் யாருக்கும் அந்த ஆட்டத்தில் காய் கிடையாது. இதை மகனிடம் சொன்னபோது, பரமபதத்தில் திறமைக்கு வேலையில்லை, அதனால் இரண்டும் ஒன்றல்ல என்று திருத்தினான். ஏற்றுக்கொண்டேன்.

இரவு அவன் உறங்கிய பிறகு நானே கணினியில் அமர்ந்து முயன்று பார்த்தேன். தொடக்கத்திலேயே ஒரு பட்ட மரம் நிற்கிறது. நாற்பது நிமிடத்தில் அதைக்கூட என்னால் தாண்ட முடியவில்லை.

நீளக்கட்டை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெட்ரிஸ் பந்தயங்களை இருவரும் சேர்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

---

நீளக்கட்டை பதிலளிக்கிறார்:

2018 இறுதியாட்டத்திலிருந்தே தொடங்குங்கள். ஆனால் அதற்கு முன் இருவரும் ஒரு வாரம் டெட்ரிஸ் ஆடிவிடுங்கள். பார்க்கும்போது ஆடும் களத்தைவிட, அடுத்து வரவிருக்கும் கட்டையைக் காட்டும் சிறிய பெட்டியில் ஒரு கண் வைத்திருங்கள்; வர்ணனையாளர்களின் குரல் எப்போது உயரும் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பட்ட மரத்திற்கு ஒரு குறிப்பும் சொல்லலாம்தான். ஆனால் அதை உங்கள் மகனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.